9/11 தாக்குதலைத் தடுத்திருக்க முடியுமா? ரிச்சர்ட் கிளார்க் சொன்னதை நம்பலாமா?

9/11 தாக்குதலை நடத்திய அல்-கொய்தாவின் ஆபத்தை அதிபர் புஷ்ஷின் அரசு அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை என்று, அப்போது வெள்ளை மாளிகையில் பயங்கரவாத எதிர்ப்பைக் கவனித்துவந்த கிளார்க் பின்னர் குற்றம் சாட்டினார். அதை நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன். பதவி இறக்கப்பட்ட ஆத்திரத்தில் பேசுகிறார் என்று 2004இல் புஷ் தரப்பினர் சொன்னார்கள். ஆனால் தாக்குதலை விசாரித்த கமிஷனில், அதன் உறுப்பினர் ஸ்லேட் கார்ட்டன் கிளார்க்கிடம், "2001 ஜனவரியில் நீங்கள் கேட்டதையெல்லாம் அன்றே செய்திருந்தால் இதைத் தடுத்திருக்கத் துளியாவது வாய்ப்பு இருந்ததா?" என்று கேட்டபோது, அவர் சொன்ன பதில் "இல்லை". பழி தீர்க்க வந்தவராக இருந்தால் அந்த இடத்தில் வேறு பதில்தான் வந்திருக்கும்.

கிளார்க்கைத் தெரியாதவர்களுக்கு: 1998இல் கிளிண்டன் அவரைப் பயங்கரவாத எதிர்ப்பு ஒருங்கிணைப்பாளராக்கினார். அமைச்சர்கள் கூடும் கூட்டத்தில் அவரும் உட்கார்ந்து பேசுவார். புஷ் வந்ததும் வேலை அதேதான், ஆனால் அவர் சொல்வது துணை நிலை அதிகாரிகள் குழு வழியாகத்தான் மேலே போகவேண்டும் என்றாகிவிட்டது. 2001 ஜனவரி 25 அன்று, அல்-கொய்தா பற்றி அமைச்சர்கள் நிலையில் அவசரமாகக் கூடவேண்டும் என்று புஷ்ஷின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைசுக்குக் குறிப்பு அனுப்பினார். கூட்டம் நடந்தது செப்டம்பர் 4இல்! அதிலும், ஆயுதம் பொருத்திய பிரிடேட்டர் ஆளில்லா விமானத்தை யார் இயக்குவது, செலவு யார் கணக்கில் என்று சிஐஏ உளவுத்துறைக்கும் ராணுவத்துக்கும் இடையே இழுபறி தீரவில்லை.

நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். கோப்பின்மேல் 'அவசரம்' என்று சீட்டு ஒட்டலாம். ஆனால் அது எப்போது பிரிக்கப்படும் என்பதை, அனுப்பியவரின் பதவிதான் முடிவு செய்யும். அதனால் ஏழு மாதத் தாமதம் எனக்கு ஆச்சரியமாக இல்லை, வேதனையாகத்தான் இருக்கிறது.

எல்லோரும் அந்த ஜனவரிக் குறிப்பைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் அல்-கொய்தா ஆட்கள் சிலர் சந்தித்ததை சிஐஏ கண்காணித்தது. அவர்களில் காலித் அல்-மிஹ்தார் என்பவரிடம் அமெரிக்க விசா இருப்பதும் அதற்குத் தெரியும். அவரும் நவாஃப் அல்-ஹஸ்மியும் அதே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் வந்து இறங்கினார்கள். சான் டியேகோவில் சொந்தப் பெயரிலேயே குடியிருந்தார்கள். ஹஸ்மியின் பெயர் டெலிபோன் டைரக்டரியில்கூட இருந்தது. அவர்கள் கொஞ்ச நாள் தங்கிய வீட்டின் உரிமையாளர், நம்பவே முடியாது, உள்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐக்குத் தகவல் சொல்பவர்! இருவர் பெயரும் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியது 2001 ஆகஸ்ட் கடைசியில். தேடும் வேலையும் சாதாரண வேலையாகத்தான் ஒப்படைக்கப்பட்டது. ராணுவத் தலைமையகமான பென்டகனில் மோதிய விமானத்தைக் கடத்தியவர்களில் இருவரும் இருந்தார்கள்.

இந்தத் தகவல் கிளார்க் கைக்கு வரவே இல்லை. வந்திருந்தால் அந்த இருவரின் படத்தை எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் போடவைக்க முயன்றிருப்பேன் என்று கமிஷனிலேயே சொன்னார். தடுத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு என் பதிலும் இங்கேதான் இருக்கிறது: ஜனவரியிலேயே கூட்டம் போட்டிருந்தாலும் தடுத்திருக்க முடியாது, இந்த இரண்டு பெயர்களைச் சரியான ஆளிடம் கொடுத்திருந்தால், ஒருவேளை முடிந்திருக்கும்.

அன்று சாட்சியம் தொடங்குவதற்கு முன், இறந்தவர்களின் குடும்பத்தார் இருந்த அந்த அறையில், "உங்கள் அரசு உங்களைக் காக்கத் தவறிவிட்டது, நானும் தவறிவிட்டேன்" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். 2,977 பேர் செத்த விஷயத்தில், பொறுப்பில் இருந்த ஒருவர் வாய்விட்டு அப்படிச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அப்புறம் இராக். தாக்குதலுக்கு மறுநாளே, சதாமுக்குத் தொடர்பு உண்டா பாருங்கள் என்று புஷ் தன்னிடம் கேட்டதாகக் கிளார்க் சொன்னார். 2003 படையெடுப்பு பயங்கரவாதத்துக்கு எதிரான போரையே பலவீனப்படுத்திவிட்டது என்பது அவர் வாதம். அந்தப் போருக்குப் பிறகு இராக்கில் வேரூன்றிய அல்-கொய்தா கிளைதான் பின்னர் ஐஎஸ் என்ற பயங்கரவாத அமைப்பாகி 2014 ஜூனில் மொசூலைப் பிடித்தது.