லேப்டாப் ஆன் செய்த ஐந்து நிமிடத்தில் ஹேங் ஆகிறது. இரண்டு முறை ஓஎஸ் (விண்டோஸ்) புதிதாகப் போட்டும் தீரவில்லை. என்ன செய்யலாம்?

இரண்டு முறை ஓஎஸ் போட்டும் தீரவில்லை என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. மூன்றாவது முறை போடக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன்.

திண்டிவனத்தில் பத்திரம் எழுதும் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, அந்த வழியாக இதற்கு வந்தவன். 2017-இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2022 ஆவணியில் தொல்லை ஆரம்பித்தது. விண்டோஸ் ஒழுங்காக வரும், வேர்டைத் திறப்பேன், நாலைந்து நிமிடத்தில் அப்படியே நின்றுவிடும். மவுஸ் அம்பு மட்டும் நகரும், எதைத் தட்டினாலும் பதில் இருக்காது. எங்கள் தொழிலில் முகூர்த்த நாளில்தான் கூட்டம். ராகுகாலம் தொடங்குவதற்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று இரண்டு தரப்பும் வாசலில் நிற்கும்போது, கிரயப் பத்திரம் மூன்றாம் பக்கத்தில் உறைந்து கிடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சர்வீஸ் கடைத் தம்பி, "வைரஸ்ணா, ஓஎஸ் போட்டுடலாம்" என்றார். 500 ரூபாய். பத்து நாள் பிரமாதமாக ஓடியது, பிறகு பழைய கதை. மறுபடி 500, எட்டு நாள். மூன்றாவது தடவை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அப்போதுதான் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "மாமா, அது நின்னு போயிருக்கிறப்ப கேப்ஸ் லாக்கை அமுக்குங்க. லைட் எரிஞ்சு அணையுதா?" என்றான். எரிந்து அணைந்தது. "அப்ப உள்ள உயிர் இருக்கு. எதுக்கோ காத்துக்கிட்டு நிக்குது. டிஸ்க்கைத்தான் சந்தேகப்படணும்" என்றான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஹார்ட் டிஸ்க்கில் ஓர் இடம் கெட்டுப்போனால், டிஸ்க் உடனே கைவிரித்துவிடாது. அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அது முடியும்வரை விண்டோஸ் வாசலில் காத்திருக்கும். நமக்கு அதுதான் ஹேங். ஆன் செய்த சில நிமிடத்தில் வருவதற்கும் காரணம் இருக்கிறது: டெஸ்க்டாப் வந்தபிறகுதான் அப்டேட், ஆன்டிவைரஸ், கோப்புகளுக்கு அட்டவணை போடும் வேலை எல்லாம் ஒன்றாகக் கிளம்பி டிஸ்க்கின் மூலைமுடுக்கெல்லாம் துழாவும். கெட்ட இடத்தில் கால் வைக்காமல் இருக்க முடியாது.

சரி, ஓஎஸ் போட்டதும் பத்து நாள் ஓடியதே? கடைகளில் செய்வது பெரும்பாலும் குவிக் ஃபார்மட். அது டிஸ்க்கைச் சோதிப்பதில்லை, பழைய அட்டவணையை அழித்துப் புதியதை எழுதும், அவ்வளவுதான். விண்டோஸ் கோப்புகள் போய் உட்காரும் இடம் மாறிவிடுவதால் கொஞ்ச நாள் பிழைக்கும். நோய் அங்கேயேதான் இருக்கும். அந்தத் தம்பி என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்து போகும்போது ஒவ்வொரு முறையும் அது நன்றாகத்தான் ஓடியது.

நீங்கள் பார்க்க வேண்டியது: ஆன் ஆனவுடன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் டிஸ்க்கைத் திறந்து வையுங்கள். நிற்கும் சமயத்தில் 100 சதவீதம் என்று காட்டி, படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் சுழியத்தை ஒட்டிக் கிடந்தால் டிஸ்க் எங்கோ மாட்டிக்கொண்டு திணறுகிறது என்று பொருள். 100 சதவீதம் காட்டினாலும் வேகம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அது வெறும் வேலைப்பளு. ரேம் போதாமல் இருக்கலாம், ஸ்டார்ட்அப்பில் தேவையில்லாதவை நிறைய ஏறியிருக்கலாம். அவற்றை அணைத்தாலே பாதி சரியாகும்.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. கெட்ட இடங்களைக் கணக்கிடும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள், அங்கே சுழியம் இருப்பதுதான் நல்லது. என் டிஸ்க்கில் சி5-க்கு நேரே 1ஏ8 என்றிருந்தது. அது பதினாறடிமான எண், நம் கணக்கில் 424. அத்தனை இடங்கள் படிக்க முடியாமல் நின்றிருக்கின்றன, நான் வைரஸுக்கு 1,500 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியையும் பாருங்கள். 7, 129, 153 என்ற எண்களில் டிஸ்க் தொடர்பான பிழைகள் வரிசையாக இருந்தால் சந்தேகம் உறுதி. கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் ஒன்று நிச்சயம் இருக்கும், அதைப் பார்த்து பவர் சப்ளை போச்சு என்று பயந்துவிடாதீர்கள். நீங்கள் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்ததை விண்டோஸ் குறித்து வைத்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

டிஸ்க் என்று தெரிந்தால் முதல் வேலை கோப்புகளைக் காப்பாற்றுவது. விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க்கை ஓட்டச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். தள்ளாடும் டிஸ்க்கை ஒரு மூலை விடாமல் படிக்க வைத்தால், இருக்கிற உயிரும் போகலாம். பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போல இன்னொரு ஓஎஸ், இலவசம்) போட்டு, அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பி, முக்கியமானதை முதலில், சினிமா பாட்டெல்லாம் கடைசியில் என்று வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் லினக்ஸிலும் கதவு திறக்காது.

லினக்ஸில் இன்னொரு லாபமும் உண்டு. அது உங்கள் டிஸ்க்கை நம்பி ஓடுவதில்லை. அதில் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் ரேம், ஃபேன், போர்டு மீதான சந்தேகம் பெருமளவு தீரும். அதிலும் நின்றால் கதையே வேறு. கேப்ஸ் லாக் விளக்குகூட அசையவில்லை என்றால் ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். அடிப்பக்கம் தொட முடியாமல் சுட்டால் ஃபேனில் தூசி. அவசியமானதை மட்டும் கிளப்பும் சேஃப் மோடில் விண்டோஸ் நன்றாக ஓடி, சாதாரணமாகப் போட்டால் மட்டும் நின்றால் டிரைவரையோ கூடவே கிளம்பும் ஏதாவது மென்பொருளையோ பிடியுங்கள்.

பழைய டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) மாட்டினேன். எனக்கு அப்போது 240 ஜிபி 1,900 ரூபாய் ஆனது. சென்னை போனபோது ரிச்சி தெருவில் வாங்கி வந்தேன். அக்கா மகன் பொங்கல் லீவில் வந்து அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தான். அதே 4 ஜிபி ரேம்தான், இன்றும் கடையில் ஓடுகிறது. பழைய டிஸ்க்கிலிருந்து ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டது. 2019-இல் எழுதிய ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் மட்டும் திறக்கவே இல்லை. நல்லவேளை, பதிவானதன் நகல் அந்த வீட்டுப் பெரியவரிடம் இருந்தது. உட்கார்ந்து மறுபடி முழுக்க அடித்துக்கொண்டேன்.