இங்கிலாந்தின் பாரிஷ் (தேவாலய வட்டாரப்) பதிவேடுகளில் குடும்பத்தைத் தேடுவோர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெற்றோரின் திருமணம் 1720 ஏப்ரலில் நடந்திருக்கிறது. மூத்த மகனின் ஞானஸ்நானமோ 1720 பிப்ரவரி என்று பதிவாகியுள்ளது. திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டதா? (லெஸ்டர் வாசகி)

பதில்: இல்லை. 1752-க்கு முன் இங்கிலாந்தில் மார்ச் 25 அன்றுதான் ஆண்டு பிறந்தது. ஆகவே அந்தப் பிப்ரவரி, திருமணம் நடந்து பத்து மாதம் கழித்து வந்தது. நம் கணக்கில் 1721. குறிப்பேட்டில் 1720/21 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி அல்ல என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: 1841 குடிக்கணக்கில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) 35 வயது, 1851-இல் 49 வயது. இருவரும் ஒருவரேதானா?

பதில்: இருக்கலாம். 1841-இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 35 என்றால் 35 முதல் 39 வரை. பிறந்த பாரிஷின் பெயர் 1851 கணக்கில் இருக்கும். அதைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் கணவரின் முன்னோர் நார்ஃபோக்கைச் சேர்ந்த ஸ்மித் குடும்பம். விவரம் தேவை.

பதில்: நார்ஃபோக்கில் மட்டும் ஏறத்தாழ 700 பாரிஷ்கள் இருந்தன, அவற்றில் ஸ்மித் இல்லாத பாரிஷைக் காண்பது அரிது. பாரிஷின் பெயர், உத்தேசமான காலம், மனைவி அல்லது பிள்ளை ஒருவரின் பெயர் ஆகிய மூன்றும் இல்லாத கடிதத்துக்கு யாராலும் பதில் எழுத இயலாது; இதைப் பலமுறை எழுதிவிட்டேன். முதலில் வீட்டிலிருக்கும் பழைய திருமணச் சான்றிதழைத் தேடி எடுங்கள். அது 1837 ஜூலைக்குப் பிந்தையதாக இருந்தால், மணமக்களுடைய தந்தையரின் பெயரையும் தொழிலையும் குறிக்கும் இடம் அதில் உண்டு.

கேள்வி: எங்கள் குடும்ப மரம் 1560 வரை இணையத்தில் ஆயத்தமாகக் கிடைத்தது. நாற்பது பேர் அதையே வைத்திருக்கிறார்கள். அச்சிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? (பர்மிங்ஹாம் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். நாற்பது பேர் வைத்திருப்பதால் அது நாற்பது சான்றுகள் ஆகிவிடாது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படியெடுத்திருப்பார்கள், அவ்வளவே. சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய மரம் ஒன்றை ஒரு குடும்பத்துக்காகச் சரிபார்த்தேன். 1701-இல் ஞானஸ்நானம் பெற்ற ஜான் எட்டுப் பிள்ளைகளுக்குத் தந்தை என்று அதில் இருந்தது. அதே பதிவேட்டின் அடக்கப் பகுதியைப் புரட்டியபோது, அந்த ஜான் 1703-இல், நடக்கப் பழகும் வயதிலேயே, புதைக்கப்பட்டுவிட்டான் என்று தெரிந்தது. வேறொருவரின் பாட்டன் பூட்டனை இருபது ஆண்டுகளாகத் தம்முடையவர்களாகப் போற்றி வந்த அந்தக் குடும்பத்தாரிடம் இதைச் சொல்ல நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தமே.

அறிந்தவரிலிருந்து அறியாதவரை நோக்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னே செல்லுங்கள். 1813 முதல் ஞானஸ்நானப் பதிவுகள் அச்சிட்ட படிவத்தில் இருப்பதால் தந்தையின் தொழிலும் இருப்பிடமும் கிடைக்கும். 1754 முதல் திருமணப் பதிவேட்டில் மணமக்களும் சாட்சிகளும் இட்ட கையொப்பமோ கீறலோ இருக்கும். ஒரே ஊரில் இரண்டு ஜான்கள் இருந்தால், கையொப்பங்களை ஒப்பிட்டே பிரித்துவிட முடிந்த நேரங்கள் உண்டு. அதற்கும் முன்னே போனால் பெரும்பாலும் பெயரும் தேதியும் மட்டுமே மிஞ்சும். 1640-களிலும் 1650-களிலும் உள்நாட்டுப் போரும் அதன்பின் வந்த ஆட்சி மாற்றமும் பல பதிவேடுகளில் இடைவெளி உண்டாக்கின. பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பி வந்த பதிவேட்டுப் படிகளும் அப்போது நின்றுபோயின. உங்கள் மரம் அந்த இடைவெளியை எதைப் பற்றிக்கொண்டு கடந்தது? உயிலா, மேனர் (நிலப்பிரபுவின் பண்ணை) நீதிமன்றச் சுவடியா? விடை இல்லையென்றால் மரத்தை அங்கேயே நிறுத்துங்கள். பெயர் அட்டவணை வெறும் வழிகாட்டி. அது பதிவேடு ஆகாது. மூலப் பக்கத்தின் படத்தைப் பாராமல் ஒரு பெயரையும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: முன்னோர் கூலி வேலை செய்தவர்கள்; உயில் இல்லை, நிலம் இல்லை. பதிவேட்டைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, சில வேளைகளில் செல்வரைவிட ஏழைகளைப் பற்றியே அதிகம் கிடைக்கும். 1662-ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டப்படி, ஏழை ஒருவரைத் தாங்க வேண்டிய பாரிஷ் எது என்பதில் வழக்கு எழுந்தபோதெல்லாம் அவரை நீதிபதிகள் விசாரித்தார்கள். எங்கே பிறந்தார், யாரிடம் ஓராண்டு முழுதும் வேலை செய்தார், எப்போது மணந்தார் என்று அவர் வாய்மொழியாகச் சொன்னதெல்லாம் அந்த விசாரணைத் தாள்களில் உள்ளது. கவுன்டி (மாவட்ட) ஆவணக் காப்பகத்தில், ஏழைகள் நிவாரணக் கணக்குகளோடு சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: சஃபோக் கிராமம் ஒன்றில் பழைய வீடு வாங்கியுள்ளோம். முன்பு அங்கே வாழ்ந்தவர்களை அறிவது எப்படி?

பதில்: 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரையப்பட்ட தசமபாக (தேவாலயத்துக்குச் செலுத்திய பத்தில் ஒரு பங்கு) வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். அதனுடன் இருக்கும் பட்டியலில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் உரிமையாளர், குடியிருந்தவர், பரப்பளவு, பல இடங்களில் வயலின் பெயர்கூட இருக்கும். பிறகு குடிக்கணக்குகளைப் பாருங்கள். ஆனால் அவற்றில் உள்ள வரிசை எண்ணை வீட்டு எண் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

கேள்வி: லத்தீன் பதிவில் தந்தை ‘யாக்கோபுஸ்’, மகனின் உயிலிலோ தந்தை ஜேம்ஸ். இருவர் வேறா?

பதில்: பெயரை மட்டும் வைத்து வேறு என்று சொல்ல இயலாது. ஜேம்ஸ், ஜேக்கப் இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வடிவம்தான். தமிழ் வேதாகமத்திலும் இருவரும் யாக்கோபுதானே.