ஐந்தாம் படிவத்தில் அரசியல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி முடிந்தபின், பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம் எழுதப்போகும் ஐந்தாம் படிவ மாணவர்களிடம் வாரம் ஒரு மணி நேரம் அரசியல் பேசலாம் என்று நினைக்கிறேன். உண்மையான கட்சிகளின் பெயரிலேயே மாதிரித் தேர்தல் நடத்தவும் ஆசை. விஷயம் கேள்விப்பட்ட சில பெற்றோர், "பிள்ளைங்க எஸ்.பி.எம் எழுதட்டும் டீச்சர், அரசியல் எல்லாம் எதுக்கு?" என்கிறார்கள். எனக்கும் தயக்கம் வந்துவிட்டது. என்ன சொல்கிறீர்கள்?

ஓர் ஆசிரியை, பட்டர்வொர்த்

அன்புள்ள டீச்சர்,

தயங்காமல் தொடங்குங்கள். மாதிரித் தேர்தலை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் பெற்றோர். வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கும் திருத்தம் 2019-இல் மலேசிய நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2021 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. யாரும் போய்ப் பதிந்துகொள்ள வேண்டியதில்லை, பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடும். எஸ்.பி.எம் எழுதிய மறு ஆண்டே அந்தப் பிள்ளைகள் வாக்காளர்கள். அதற்குள் அவர்களிடம் யாராவது நிதானமாகப் பேச வேண்டாமா? இதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நேராகவே கேளுங்கள். பாடக் குறிப்பையும் காட்டுங்கள். பள்ளி முதல்வரின் அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தேர்தல் எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கொடி, செராமா எனும் பிரசாரக் கூட்டம், அரிசி மூட்டை எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. எந்த முடிவை யார், எந்த அலுவலகத்தில், எந்தச் சட்டப்படி எடுக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. அது தெரியாததால்தான் நம் வீடுகளில் அரசியல் என்றாலே "யாரைப் பிடித்தால் வேலை நடக்கும்" என்று பேச்சு போகிறது. கட்சிப் பெயரில் தேர்தல் நடத்தினால் கைதட்டலோடு முடிந்துவிடும்.

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் நடத்தும் வார இறுதி வகுப்பில், டியூஷன் சென்டருக்கு முன்னால் சாலையைக் கடக்க வெள்ளைக்கோடு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். சரி, கடிதம் எழுதுங்கள் என்றேன். ஒரு பையன் எழுதிய முதல் வரி: "நாங்கள் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், பெரிய மனது வைத்து உதவ வேண்டும்." பக்கத்தில் இருந்த பெண் அதை வாங்கிப் படித்துவிட்டு, "ரோடு தாண்டுறதுக்கு ஏன்டா கெஞ்சுறே?" என்றாள். அப்புறம் எல்லோரும் சாலையோரம் போய் நின்று, எந்த நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணி எழுதினார்கள். இரண்டாவது கடிதத்தில் வறுமையும் இல்லை, கும்பிடும் இல்லை. யாருக்கு அனுப்புவது என்பதில்தான் நிறைய நேரம் போனது. பாதிப் பேர் நாடாளுமன்ற உறுப்பினருக்கு என்றார்கள். சாலை யார் பொறுப்பில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்ததுதான் அன்றைய அரசியல் பாடம்.

உங்கள் ஊரில் இன்னும் நல்ல பாடம் இருக்கிறது. செபராங் பிறை மாநகர் மன்றம் அரையாண்டுக்கு ஒருமுறை அனுப்பும் வீட்டுக்கான மதிப்பீட்டு வரி பில்லை, பெயரையும் முகவரியையும் மறைத்து நகலெடுத்துக் கொடுங்கள். இந்த வரியை வாங்கும் மன்றத்து உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேளுங்கள். ஓட்டுப் போட்டு யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, மாநில அரசு நியமிக்கிறது. ஆனால் மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் நடந்ததே உங்கள் மாநிலத் தலைநகர் ஜார்ஜ்டவுனில்தான்! இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த நேரத்தில், 1965-இல், உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஒரேயடியாக எடுத்துவிட்டது. பினாங்கு மாநில அரசு மறுபடி நடத்தப் பார்த்தது. முடியாது என்று 2014-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வரி கட்டுகிறவனுக்கு ஓட்டு வேண்டும் என்போரும் உண்டு, நகரங்களில் இனப் பிளவு கூடிவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு. நான் முதல் தரப்புதான். ஆனால் வகுப்பில் இரண்டையும் முழு பலத்தோடு பேச வையுங்கள். ஒருவன் தனக்குப் பிடிக்காத தரப்பில் நின்று பேசட்டும்.

2022 நவம்பரில் நாடாளுமன்றத்துக்கும் 2023 ஆகஸ்டில் சட்டமன்றத்துக்கும் பினாங்கு மக்கள் ஏன் தனித்தனியே ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்டால் கூட்டாட்சி முறை தானாகவே வந்துவிடும். கோலாலம்பூர் 1974-இல், மத்திய அரசே நேரடியாக ஆளும் கூட்டரசுப் பிரதேசமானதால் எங்களுக்குச் சட்டமன்றமே கிடையாது. இங்குள்ள பிள்ளைகளுக்கு அது பெரிய அதிர்ச்சி.

இனம், சமயம் பற்றிய கேள்விகளும் வரும். தட்டிக்கழிக்காதீர்கள். அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள், படித்திருக்க மாட்டார்கள். மலாய்க்காரர்கள், சபா, சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் சிறப்பு நிலையைப் பேசும் அதே வாக்கியம், மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் காக்கச் சொல்கிறது. முதலில் அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், கருத்து அப்புறம் வரட்டும்.

எப்படியும் ஒருநாள் "டீச்சர், நீங்க யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்பார்கள். சொல்லாதீர்கள். ஏன் சொல்ல மாட்டீர்கள் என்பதை மட்டும் விளக்குங்கள். வீட்டில் அப்பா கேட்டாலும் அவர்கள் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.