தென்னாப்பிரிக்காவில் ஒரு சிறிய குடும்ப ஆர்கானிக் ஒயின் பண்ணையில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்விக்குள் மூன்று கேள்வி இருக்கிறது. அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி, ஆர்கானிக் என்பது உண்மையா விளம்பரமா, நம்மூர் ஆட்கள் வேலைக்கு வரலாமா. மூன்றாவதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், அந்தப் பதில் யாருக்கும் பிடிக்காது.

நான் கேப் டவுனிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் வெல்லிங்டன் பக்கம் ஒரு பண்ணையில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்குக் கணினி வேலை, அதனால்தான் இந்த நாட்டுக்கே வந்தோம். எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர், வீட்டில் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது, அதைச் சொன்னதும் வேலை கிடைத்துவிட்டது. நான் ஒயின் குடிப்பதில்லை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன், இந்தத் தொழிலில் அதற்கென்றே கிண்ணம் இருப்பதால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஊரில் மாமியார் மட்டும் சொந்தக்காரர்களிடம் "ஜூஸ் கம்பெனி" என்றே சொல்லி வைத்திருக்கிறார்.

பண்ணை சுமார் 25 ஏக்கர். நிலத்தைப் பார்ப்பது அப்பா, கடையையும் விருந்தாளிகளையும் பார்ப்பது அம்மா, ஒயின் செய்வது மகள், விற்பது மருமகன். பெரியவர்கள் இருவரையும் எல்லோரும் ஊம், டானி (நம்ம மாமா, அத்தை மாதிரி) என்றுதான் கூப்பிடுவோம், ஆப்பிரிக்கான்ஸ் பேசும் ஊரில் மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. நிரந்தர ஆட்கள் ஒரு கை விரலுக்குள். ஒயின் பண்ணை என்றதும் ஆள் உயரக் கண்ணாடிக் கோப்பையும் மாலை வெயிலும் நினைவுக்கு வந்தால், சரி, அதுவும் இருக்கிறது, சனிக்கிழமை நான்கு மணிக்கு, டிக்கெட் வாங்கியவர்களுக்கு. மற்ற நேரமெல்லாம் விவசாயம்.

கம்பம் பள்ளத்தாக்கில் கொடி தூங்குவதே இல்லை. கவாத்து செய்து செய்து ஒரே தோட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை பறித்துவிடலாம், ஒரு வெள்ளாமை மழையில் போனால் அடுத்ததில் கொஞ்சம் தேற்றிக்கொள்ளலாம். இங்கே ஒன்றே ஒன்றுதான். ஜூலை, ஆகஸ்டில் குளிரில் கவாத்து, செப்டம்பரில் துளிர், நவம்பர் வாக்கில் பூ, தை பிறக்கும்போது பழம் இனிப்பு ஏறிக்கொண்டிருக்கும். ஜனவரிக் கடைசியில் தொடங்கி மார்ச் வரை அறுவடை. முதலில் ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை, அப்புறம் பினோடாஜ் (இது இந்த நாட்டிலேயே உருவான ரகம், 1925-ல் ஸ்டெல்லன்போஷில் ஆபிரகாம் பெரால்டு என்ற பேராசிரியர் பினோ நுவாரையும் சின்சோவையும் கலந்து எடுத்தது), அப்புறம் ஷிராஸ், கடைசியில் கேபர்னே. தைப்பூசம் சரியாக இந்தக் கூத்துக்கு நடுவில்தான் வரும். ரைலண்ட்ஸ் கோவிலுக்குப் போக ஒரு நாள் விடுப்பு கேட்பதற்கு நான் டிசம்பரிலேயே அஸ்திவாரம் போட ஆரம்பித்துவிடுவேன்.

அறுவடை நாட்களில் பறிப்பு விடியுமுன் தொடங்கும், பழம் குளிர்ச்சியாக உள்ளே வர வேண்டும். வெயில் ஏறுவதற்குள் கூடைகள் வந்துவிட்டால் நல்ல நாள். மகள் ஒவ்வொரு வரிசையிலும் பழம் நசுக்கி இனிப்பு பார்ப்பாள், இங்கே அதை பாலிங் என்ற அளவில் சொல்வார்கள், 22 முதல் 24 வரை வந்தால் பறிக்கலாம், ஆனால் அவள் அளவுகோலை விட விதையைக் கடித்துப் பார்ப்பதைத்தான் அதிகம் நம்புகிறாள். சிவப்பு ஒயினுக்கு தோலோடு சேர்த்தே நொதிக்க விட வேண்டும். தோல் முழுக்க மேலே மிதந்து அடையாகக் கட்டிக்கொள்ளும், அதை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை கீழே அமுக்கிவிட வேண்டும், இரவு பத்து மணி ஆனாலும். அந்த நாட்களில் செல்லாரில், அதாவது ஒயின் செய்யும் கட்டடத்தில், கரியமில வாயு கீழே தேங்கி நிற்கும், தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது என்பது பண்ணையில் யாரும் மீறாத சட்டம். 2023 அறுவடையில் இதோடு லோட் ஷெட்டிங்கும் சேர்ந்துகொண்டது. வெள்ளை ஒயின் தொட்டியைப் பதினைந்து டிகிரி பக்கம் வைத்திருக்க வேண்டும், மின்சாரமோ ஒரு நாளைக்கு எட்டு பத்து மணி நேரம் இருக்காது. அந்த ஆண்டு டீசல் பில்லை நான்தான் கணக்கில் ஏற்றினேன், இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

இப்போது ஆர்கானிக் விஷயத்துக்கு வருகிறேன். மருந்தே அடிப்பதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகம், அடிச்சாம்பல் நோய்க்குச் செம்பு, அதாவது நம்மூரில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறோமே, அதே குடும்பம். ஐரோப்பிய ஆர்கானிக் விதிப்படி ஒரு ஹெக்டேரில் ஏழு ஆண்டுக்கு மொத்தம் 28 கிலோ செம்புதான் போடலாம், ஏனென்றால் செம்பு மண்ணை விட்டுப் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். கேப் பகுதியில் கோடைக்காலம் வறட்சி, அதோடு தென்கிழக்குக் காற்று சாத்து சாத்தென்று சாத்தும், இலை ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் பூஞ்சணத் தொல்லை ஐரோப்பாவை விடக் குறைவு. இந்தக் காற்று மட்டும் இல்லாவிட்டால் இங்கே பாதிப் பேர் ஆர்கானிக் பக்கமே வந்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். கந்தகத்திலும் சூட்சுமம் உண்டு. முப்பது டிகிரி தாண்டிய வெயிலில் அடித்தால் இலை கருகும். அறுவடைக்கு ரொம்பப் பக்கத்தில் அடித்தால் நொதிக்கும்போது அழுகின முட்டை நாற்றம் வரும்.

களைக்கொல்லி கிடையாது. ஏப்ரல், மே மாதத்தில் வரிசைகளுக்கு நடுவே ஓட்ஸ், வெட்ச் என்ற பயறுவகைச் செடி எல்லாம் விதைத்து வளர்த்து, வசந்தத்தில் மடக்கிப் படுக்க வைத்துவிடுவோம், அதுவே மூடாக்கு. உண்மையான எதிரி மாவுப்பூச்சி. அது சுரக்கும் தேனுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டையும் குளவியையும் பக்கத்தில் விடாது, ஆகவே முதலில் எறும்பை நிறுத்தினால்தான் மற்றது நடக்கும். மாவுப்பூச்சி இலைச்சுருட்டு வைரஸையும் கொடிக்குக் கொடி கொண்டு போகும். மார்ச், ஏப்ரலில் கேப் திராட்சைத் தோட்டங்களில் ரத்தச் சிவப்பான இலைகளுக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதில் நிறைய இந்த நோய்தான். ஊம் அந்தச் சிவப்பைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அந்தக் கொடியை வேரோடு பிடுங்க வேண்டும், வேறு மருந்து இல்லை.

சான்றிதழ் வாங்க மூன்று ஆண்டு மாற்றக் காலம். அந்த மூன்று ஆண்டும் செலவு ஆர்கானிக் செலவு, விலை சாதாரண விலை. சான்றிதழ் கொடுப்பவர்கள் வெளிநாட்டு நிறுவனங்கள், ஆண்டுதோறும் ஆய்வாளர் வருவார், எந்தத் தேதியில் எந்த வரிசையில் என்ன அடித்தோம், டிராக்டர் தொட்டியை எப்போது கழுவினோம், எவ்வளவு பழம் உள்ளே வந்தது, எத்தனை பாட்டில் வெளியே போனது, எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் போகும், கணக்கு இடித்தால் கேள்வி வரும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் எல்லையோர வரிசைப் பழம் ஆர்கானிக் ஆகாது, தனியாகப் பறித்துத் தனியாக விற்போம். விளம்பரமா உண்மையா என்று கேட்டால், அந்தக் கோப்புகளைச் சுமக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு தாளை விளம்பரத்துக்காக யாரும் எழுத மாட்டார்கள்.

குடிப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆர்கானிக் என்றால் சல்பைட் (ஒயின் கெடாமல் இருக்கச் சேர்ப்பது) சுத்தமாக இல்லை என்று அர்த்தமில்லை. ஐரோப்பிய விதியில் இனிப்பில்லாத ஆர்கானிக் சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை, அதே வகை சாதாரண ஒயினுக்கு 150. அப்புறம் சைவமா என்று நம்மவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பை கூடப் பயன்படுத்துவது உண்டு, ஆர்கானிக்கிலும் இவை அனுமதிக்கப்பட்டவைதான். எங்களிடம் பென்டோனைட் களிமண் மட்டும். லேபிளில் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள்.

ஒயின் விற்று மட்டும் இவ்வளவு சின்னப் பண்ணை பிழைக்காது. 2020 மார்ச் 27-ல் ஊரடங்கோடு மது விற்பனைக்குத் தடை வந்தது, ஜூனில் திறந்தார்கள், ஜூலையில் மூடினார்கள், டிசம்பர் கடைசியில் மறுபடியும். நான் சேர்வதற்கு முந்தைய கதை, ஆனால் டானி இன்னும் நேற்று நடந்த மாதிரி சொல்வார். அதற்குப் பிறகுதான் திராட்சைச் சாறு, மதிய விருந்து, கல்யாணம் எல்லாம் பெரிதாக வந்தன. பிப்ரவரியில் ஒரு நாள் வாடிக்கையாளர்கள் குடும்பத்தோடு வந்து பறிப்பார்கள், குழந்தைகள் தொட்டியில் இறங்கி மிதிப்பார்கள், அந்தச் சாறு விற்பனைக்குப் போகாது, கவலைப்பட வேண்டாம்.

நடந்த கல்யாணங்களில் மறக்க முடியாதது டர்பன் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கல்யாணம். மணமகள் கேப் டவுனில் டாக்டர், தோட்டத்துக்கு நடுவில் மணவறை வேண்டும் என்று ஆசை. புரட்டாசியில் கறியும் குடியும் தொடாத குடும்பம், ஆகவே முதலில் கேட்ட தேதி தானாகவே நவம்பருக்குப் போனது. ஹோமம் வளர்க்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதும் ஊமுக்கு முகம் மாறிவிட்டது. நவம்பர் என்றால் மலை காய ஆரம்பிக்கும், தென்கிழக்குக் காற்று கிளம்பினால் ஒரு பொறி போதும், இந்தப் பக்கத்தில் காட்டுத்தீயைப் பார்க்காத பண்ணையே இல்லை. முடியாது என்றுதான் முதலில் சொன்னார். பிறகு நான் ஹோம குண்டம் எவ்வளவு பெரிது என்று கையால் காட்டி, நெய்யும் சமித்தும் தவிர ஒன்றும் விழாது என்று விளக்கி, அவர் உள்ளூர்த் தீயணைப்புச் சங்கத்தில் கேட்டு, கடைசியில் மணவறையைச் செல்லாரின் சுவரோரம் காற்று மறைவுக்கு மாற்றி, பின்னால் பக்கி சக்கியை, அதாவது தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றிய பிக்கப் வண்டியை, நிறுத்தி வைத்து ஒப்புக்கொண்டார். தாலி கட்டும் நேரம் ஊம் கோட்டும் டையுமாகக் கையில் குழாயோடு நிற்கிறார், கல்யாணப் படங்களில் பாதியில் அவரும் இருக்கிறார். சடங்கு முடியும் வரை மது கிடையாது, எல்லோருக்கும் எங்கள் திராட்சைச் சாறு, அந்த மாதச் சாறு விற்பனை அதுவரை நான் பார்க்காத தொகை. மணமகளின் பாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து "நீ எந்த ஊர் கண்ணு" என்று தமிழில் கேட்டார். அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். அதற்கு மேல் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார், ஆனால் என் கையை விடவே இல்லை.

அழகான பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சரியாக இருக்காது. கேப் ஒயின் தொழிலில் முன்னர் "டொப்" என்ற வழக்கம் இருந்தது, கூலியில் ஒரு பங்கை மட்ட ஒயினாகவே தொழிலாளிக்குக் கொடுப்பது. சட்டம் தடுத்த பிறகும் பல பத்தாண்டு நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இந்த மாகாணமும் ஒன்று என்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2012-ல் ஹெக்ஸ் நதிப் பள்ளத்தாக்கில் திராட்சைத் தொழிலாளர்கள் சாலைக்கு வந்து போராடியபோது நாள் கூலி 69 ராண்ட், அடுத்த மார்ச்சில் 105 ஆனது. 2025 மார்ச்சில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆனது. எங்கள் பண்ணையில் சட்டக் கூலிக்கு மேல்தான் கொடுக்கிறார்கள், நான்தான் சம்பளப் பட்டியல் போடுகிறேன், இருந்தாலும் பன்னிரண்டு மாதமும் வேலை இருப்பவர்களுக்கும் அறுவடைக்கு மட்டும் வருபவர்களுக்கும் நடுவில் உள்ள தூரம் பெரிது. மண்ணுக்கு நல்லது செய்கிற பண்ணை ஆளுக்கும் நல்லது செய்யும் என்று தானாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆர்கானிக் முத்திரை கூலியைப் பார்ப்பதில்லை, அதற்கு ஃபேர்ட்ரேட் மாதிரி வேறு முத்திரை இருக்கிறது.

வேலைக்கு வரலாமா என்ற கேள்விக்கு: பறிப்பு வேலைக்கு என்று விசா கிடைக்காது, உள்ளூரிலேயே வேலையில்லாமல் இருப்பவர்கள் ஏராளம், சுற்றுலா விசாவில் வந்து அறுவடையில் சேருவது சட்டப்படி தப்பு. "நான் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கட்டு" என்று எவனாவது சொன்னால் காசை எண்ணாமல் திரும்பி நடங்கள். ஒயின் செய்வதைப் படிப்பாகவே எடுக்க ஆசை என்றால் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகமும் எல்சன்பர்க் கல்லூரியும் இருக்கின்றன, மகள் எல்சன்பர்க்கில்தான் படித்தாள். சும்மா பார்க்க வருகிறவர்கள் மே, ஜூனில் வாருங்கள், கூட்டம் இருக்காது, செய்தவர்களே நின்று பேசுவார்கள். பிப்ரவரியில் போன் செய்தால் யாரும் எடுக்க மாட்டோம், மின்னஞ்சல் அனுப்புங்கள், ஏப்ரலில் பதில் வரும்.