கேம் ஆஃப் லைஃப் சிக்னல் கன்வெர்ட்டர்கள்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: ரொம்ப அடிப்படையான சந்தேகம், சிரிக்காதீங்க. கட்டம் போட்ட திரையில "சிக்னல்" எங்கிருந்து வருது?

இதுல சிரிக்க என்ன இருக்கு? கேம் ஆஃப் லைஃப்ங்கிறது கணிதவியலாளர் ஜான் கான்வே உருவாக்கின கட்ட விளையாட்டு. ஒவ்வொரு கட்டமும் உயிரோட இருக்கும், இல்லைன்னா காலி. அவர் கொடுத்த விதி இவ்வளவுதான்: உயிருள்ள கட்டத்தைச் சுத்தி இருக்கிற எட்டுல ரெண்டோ மூணோ உயிரோட இருந்தா அது பிழைக்கும். காலிக் கட்டத்தைச் சுத்தி சரியா மூணு இருந்தா அங்க ஒண்ணு பிறக்கும். இந்த விதியை எல்லாக் கட்டத்துக்கும் ஒரு தடவை போட்டா ஒரு தலைமுறை. இதுலயே அஞ்சு கட்டம் சேர்ந்த கிளைடர் நாலு தலைமுறைக்கு ஒரு கட்டம் குறுக்கா நகருது. அது வந்தா 1, வரலைன்னா 0. அதுதான் சிக்னல்.

இன்னொரு சிக்னல் ஹெர்ஷல். ஒரு சிக்னலை இன்னொண்ணா மாத்துற அமைப்புதான் கன்வெர்ட்டர். ஹெர்ஷல்னா ஏழு கட்டம், ஆங்கிலச் சின்ன 'எச்' எழுத்து மாதிரி இருக்கும். சும்மா விட்டா 128 தலைமுறை கொந்தளிச்சு ரெண்டு பிளாக், ஒரு ஷிப் (இது ரெண்டுமே அசையாத உருவங்கள்), ரெண்டு கிளைடர்னு அடங்கிடும். ஆனா போற வழியில அசையாத உருவங்களைச் சரியான இடத்துல வெச்சா, அது வேற இடத்துல மறுபடி ஹெர்ஷலாவே எழுந்து வரும். 1990-கள்ல டேவ் பக்கிங்காம் இப்படித்தான் தண்டவாளம் போட்டார். பேர்லயே விவரம் இருக்கும்: ஆர்64 என்றா வலப்பக்கம் திரும்ப 64 தலைமுறை. எஃப்எக்ஸ்77 என்றா நேரா முன்னால, ஆனா கண்ணாடி பிம்பமா, 77 தலைமுறை.

கேள்வி: அண்ணா, கிளைடரே நல்லாத்தானே ஓடுது. அதை ஏன் ஹெர்ஷலா மாத்தணும்?

கிளைடர் வெட்டவெளியில ஓடும், ஆனா போன திசையிலயே போகும். ஹெர்ஷலை வளைக்கலாம், வழியில கிளைடர்களையும் கறந்துக்கலாம். முதல் கிளைடர் 21-ஆவது தலைமுறையிலேயே வெளிய வந்துடும். அதனால ஹெர்ஷல்லருந்து கிளைடர் எடுக்கிறது சுலபம். கஷ்டம் எதிர்த்திசைதான். அஞ்சு கட்டத்தை அசையாத ஒண்ணு மேல மோதவிட்டு, சுத்தமா ஒரு ஹெர்ஷல் வரணும், மோதினதும் பழைய உருவத்துக்கே திரும்பணும். 2015-ல வந்த 'சிரிஞ்ச்' அதைச் சின்ன இடத்துக்குள்ளயே செய்யுது.

கேள்வி: என் சர்க்யூட் முதல் கிளைடருக்கு அழகா வேலை செய்யுது. ரெண்டாவது விட்டா வெடிச்சுச் சிதறுது. விதியைத் தப்பா எழுதிட்டேனா?

விதி தப்பா இருந்தா முதல் கிளைடரே வந்து சேர்ந்திருக்காது. எனக்கும் இதே கதைதான். ரெண்டு ராத்திரி தூங்கல. கடைசியில பார்த்தா திரையோட ஓரத்துல ஒரு பிளாக், வெறும் நாலு கட்டம், முதல் சிக்னல் விட்டுட்டுப் போன குப்பை. ரெண்டாவது அதுல இடிச்சிருக்கு. சிக்னல் போறதுக்கு முன்னாடி மொத்த உயிர்க் கட்டங்களை எண்ணுங்க, போன பிறகும் எண்ணுங்க. எண்ணிக்கை ஒத்துப்போகலைன்னா எங்கயோ மிச்சம் இருக்கு.

குப்பையை விழுங்க ஈட்டர் வைக்கலாம்:

■■□□
■□■□
□□■□
□□■■

ஏழே கட்டம். சரியான கோணத்துல வர்ற கிளைடரை நாலு தலைமுறையில தின்னுட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி உக்காந்திருக்கும்.

எண்ணிக்கை சரியா இருந்தும் வெடிச்சா, சிக்னல்களை ரொம்ப நெருக்கமா விடுறீங்க. முதல் சிக்னலோட கொந்தளிப்பு அடங்கற வரைக்கும் அடுத்தது காத்திருக்கணும்.

கேள்வி: ஸ்னார்க்கை எல்லாரும் ஏன் இப்படிக் கொண்டாடறாங்க? கிளைடரை 90 டிகிரி திருப்புது, அவ்வளவுதானே சார்?

அந்தக் காத்திருக்கிற நேரத்தைப் பாருங்க. அசையாத உருவங்களை மட்டும் வெச்சு 1996-ல பால் காலஹன் கட்டின முதல் ரிஃப்ளெக்டருக்கு (கிளைடரைத் திருப்பி விடுற அமைப்பு) ரெண்டு கிளைடர் நடுவுல 4840 தலைமுறை இடைவெளி வேணும். 1998-ல ஸ்டீபன் சில்வர் அதை 497-க்குக் கொண்டுவந்தார். 2013-ல மைக் ப்ளேயோட ஸ்னார்க்: 43. உருவமும் குட்டி. துடிக்கிற உருவத்தால செஞ்ச ரிஃப்ளெக்டர்னா கிளைடர் அதோட தாளத்துக்கு ஒத்து வரணும். ஸ்னார்க்குக்குத் தாளமே கிடையாது, எப்ப வேணாலும் வரலாம்.

நாலு ஸ்னார்க்கைச் சதுரமா வெச்சு கிளைடர்களை ரவுண்டு விட்டா, 43-உம் அதுக்கு மேலயும் எந்தப் பீரியடும் (அதாவது எத்தனை தலைமுறைக்கு ஒரு தடவை பழைய உருவமே திரும்புதுங்கிற எண்ணிக்கை) கிடைக்கும். 41 இந்த வழியில முடியாது, இடைவெளி ரெண்டு தலைமுறை குறையுதே! அதை வேற வழியில பிடிச்சாங்க, அதுவும் 2023-லதான். கடைசி வரைக்கும் தண்ணி காட்டினது 19-உம் 41-உம்.

கேள்வி: ஸ்னார்க்கை எத்தனை தடவை போட்டாலும் கிளைடர் நான் கேட்ட பாதைக்கு ஒரு கட்டம் தள்ளியே போகுது. பைத்தியம் பிடிக்குது.

செஸ்ல பிஷப் தெரியுமில்ல? வெள்ளைக் கட்டத்துல ஆரம்பிச்சா கடைசி வரை வெள்ளைதான். கிளைடரும் அப்படித்தான், ஸ்னார்க் அந்த நிறத்தை மாத்தாது. பத்து ஸ்னார்க் போட்டாலும் பக்கத்துப் பாதைக்குத் தாண்டாது. அந்த இடத்துல மட்டும் ஸ்னார்க்கை எடுத்துட்டு, கிளைடரை ஹெர்ஷலாக்கி, நிறம் மாறின கிளைடரைத் தர்ற கன்வெர்ட்டர் ஒண்ணைச் சொருகுங்க. இடம் கூடுதலா பிடிக்கும், வேகமும் குறையும், வேற வழியில்ல.