மதியம் உப்பி இரவில் அடங்கும் ரப்பர் தரை: பைண்டர் குற்றமா, ஓதமா?

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் பத்து வருடமாக டைல்ஸ் வேலை எடுத்துச் செய்கிறேன். இந்த வருடம்தான் முதல்முறையாக ரப்பர் ஃப்ளோரிங் வேலை எடுத்தேன், ரப்பர் குருணையைப் பைண்டர் என்ற பசையோடு கலந்து கான்கிரீட் மேல் பரப்பும் வேலை. கும்பகோணம் அருகே வாய்க்கால் ஓரமாக ஒரு ஹோம்ஸ்டே. நீச்சல் குளத்தைச் சுற்றி 600 சதுர அடி, கார் நிற்கும் இடம் 350 சதுர அடி. ஜூன் முதல் வாரம் போட்டு முடித்தோம். ஆடி பிறந்ததும் குளத்தருகே மூன்று இடத்தில் உப்பிவிட்டது. மதியம் எழும்புகிறது, இரவில் அடங்கிவிடுகிறது, ஓரமும் தூக்குகிறது. சரக்கு கொடுத்தவர், "உங்கள் ஆட்களுக்குப் பயிற்சி இல்லை, 2 லட்சம் டெபாசிட் கட்டி எங்கள் அங்கீகாரம் வாங்குங்கள், அப்போதுதான் 10 வருட கேரண்டி செல்லும்" என்கிறார். ஓனர் 80,000 ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறார். பைண்டர் குற்றமா, என் குற்றமா? டெபாசிட் கட்டலாமா?

பதில்: டெபாசிட் கட்டாதீர்கள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் எழும்பி இரவில் அடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. வெயில் பட்டதும் ரப்பர் விரியும். அடியில் கான்கிரீட்டோடு பிடிப்பு இருந்தால் விரிந்தாலும் எங்கும் போக முடியாது, பிடிப்பு விட்டுப்போன இடத்தில் மட்டும் மேலே எழும்பும், குளிர்ந்ததும் படுத்துவிடும். ஆக உங்கள் தரையில் ரப்பருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒட்டு விட்டிருக்கிறது. ஏன் விட்டது என்பதை ஃபோனில் யாரும் சொல்ல முடியாது, சரக்குக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். அறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

உப்பிய இடத்தின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு பிளேடால் அறுத்து எடுத்து, திருப்பிப் பாருங்கள். குருணை உதிர்ந்து உதிர்ந்து கையோடு வந்தால் பைண்டர் போதவில்லை, அல்லது கெட்ட பைண்டர். தோசை மாதிரி முழுசாக வந்து, அடியில் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தூள் ஒட்டியிருந்தால் கான்கிரீட்டின் மேல்தோல் பெயர்ந்து வந்திருக்கிறது. நம் பக்கத்துக் கொத்தனார்கள் தளம் போட்டு முடித்ததும் உலர்ந்த சிமெண்டைத் தூவிப் பளபளவென்று தேய்த்துவிடுவார்கள். பார்க்க அழகு, ஆனால் அந்தச் சிமெண்ட் பால் தோலுக்கு பலம் கிடையாது. கிரைண்டரில் டயமண்ட் கப் போட்டு அதைச் சீவி எடுக்காமல், ரப்பர் ஒட்டுவதற்காக முதலில் பூசும் பிரைமரை அடித்தால் பிரைமர் அந்தத் தோலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும், தோல் தளத்தை விட்டு வந்துவிடும். மூன்றாவது, பிரைமர் படலம் அப்படியே உரிந்து வந்து, கீழே கான்கிரீட் கறுத்து ஈரமாக இருந்தாலோ வெள்ளையாக உப்பு பூத்திருந்தாலோ அது ஓதம், அதாவது தளத்துக்குக் கீழிருந்து ஏறும் ஈரம். படலத்தில் நுரை மாதிரி பொடிப்பொடியாகக் குமிழ் தெரிந்தால் பிரைமர் அடித்த அன்றைக்கே தளத்தில் ஈரம் இருந்திருக்கிறது. பிரைமர், பைண்டர் இரண்டுமே பாலியூரித்தேன் சரக்கு, ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், அளவுக்கு மீறி ஈரம் பட்டால் கரியமில வாயுவைக் கக்கி நுரைக்கும்.

என் கணிப்பு உங்களுடையது ஓதம். ஏன் என்றால் தேதி. மே மாதம் வாய்க்கால் வறண்டு கிடக்கும், தளம் எலும்பு மாதிரி காய்ந்திருக்கும், எந்தச் சோதனை வைத்தாலும் தேறிவிடும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் சில நாளில் கல்லணை, அப்புறம் உங்கள் வாய்க்கால். தண்ணீர் ஓட ஆரம்பித்ததும் ஊரில் கிணறெல்லாம் மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீர் களிமண் வழியாகத் தளத்துக்கு அடியிலும் ஏறுகிறது. ஜனவரி 28-ல் மேட்டூர் மூடும் வரைக்கும் இதே கதைதான். சரக்கு டின்னில் ஒட்டியிருக்கும் குறிப்பில் காவிரி ஓடாது. அதை எழுதியவர்களுக்கு நம்ம ஊர் தளம் வருடத்தில் ஏழெட்டு மாதம் ஈரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது. நான் இந்தப் பக்கம் வேலை செய்ய ஆரம்பித்த இரண்டாவது வருடம் திருவையாறு பக்கத்தில் இதேபோல் 400 சதுர அடியைச் சுரண்டி எடுத்தேன், அந்த வலியில் கற்றுக்கொண்டது இது: வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது தளத்தைச் சோதி, வறண்டிருக்கும்போது ரப்பரைப் போடு. டெல்டாவில் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள்.

சோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒன்றரை அடி சதுரத்துக்குக் கனமான, கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் தாள். ரப்பரை எடுத்த இடத்தில் விரித்து நான்கு பக்கமும் டேப்பால் காற்று புகாமல் ஒட்டுங்கள். மாலை ஐந்து மணிக்கு ஒட்டினால் மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரியுங்கள், குறைந்தது 16 மணி நேரம் இருக்க வேண்டும். தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலும் சரி, தளம் அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலும் சரி, ஓதம் உறுதி. இரண்டு நாள் மழை இல்லாத சமயம் பார்த்து, மூன்று இடத்திலாவது வையுங்கள். ஒவ்வொன்றையும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். 80,000 ரூபாய் பேச்சுக்கு வாய்ச்சண்டையைவிட அந்தப் படம் உதவும்.

அதோடு குளமே கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி குளத்தின் படிக்கட்டில் வைத்து, வாளிக்குள் இருக்கும் மட்டத்தையும் குளத்து மட்டத்தையும் வாளியின் உள்ளேயும் வெளியேயும் கோடு போட்டுக் குறித்து, பம்பை நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். ஆவியாவது இரண்டிலும் ஒரே மாதிரிதான் குறையும். குளத்தில் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு, அது உங்கள் வேலையே இல்லை, குளம் கட்டியவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இனி அடுத்து எல்லோரும் கேட்பது: "ஈரத் தளத்துக்கென்றே பிரைமர் இருக்கிறதாமே?" இருக்கிறது. இரண்டு டின் கலக்கும் எபாக்சி, ஓதத்தைத் தடுக்கும் வகை. இந்த ஒரு விதிவிலக்கை நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இதைப் பாதி கேட்டுவிட்டு ஓடுகிறவர்களால்தான் எனக்கு வேலை மேல் வேலை வருகிறது, அதனால் முழுசாகக் கேளுங்கள். கீழிருந்து ஏறும் ஓதத்துக்குத்தான் அது, மேலே தேங்கும் தண்ணீருக்கு இல்லை. தளத்தை முழுக்கச் சீவி, ஜல்லியின் முகம் லேசாகத் தெரிய வேண்டும். கையால் தேய்த்தால் தூள் வரக் கூடாது. உப்பு பூத்திருந்தால் அதைத் தேய்த்து எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் பூக்கிறதா என்று பார்க்க வேண்டும், மறுபடி பூத்தால் அந்தத் தளத்துக்கு எபாக்சியும் நிற்காது. எபாக்சியை இரண்டு கோட் அடிக்க வேண்டும், டின்னில் போட்டிருக்கும் அளவைக் குறைத்து இழுத்து இழுத்து அடித்தால் ஊசித் துளை விழும், அந்தத் துளை வழியாகவே ஈரம் வரும். இரண்டாவது கோட் ஈரமாக இருக்கும்போதே சல்லடை போட்ட, சுத்தமாகக் காய்ந்த சிலிக்கா மணலை எபாக்சி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தூவ வேண்டும். வழுவழு எபாக்சி மேல் எதுவும் ஒட்டாது, மணல்தான் பிடிமானம். ஆற்று மணல் வேண்டாம். மறுநாள் ஒட்டாத மணலைக் கூட்டி எடுத்துவிட்டு வழக்கமான பிரைமர், அப்புறம் ரப்பர். இவ்வளவும் செய்தால் நிற்கும். இதில் ஒன்றை விட்டாலும் எபாக்சிக்குக் கொடுத்த காசு வாய்க்காலில் போட்ட காசு.

பழைய டைல்ஸ் மேல் போடலாமா என்றால், கூடாது. பேவர் பிளாக் மேலும் கூடாது. புதுத் தளம் என்றால் 28 நாள் ஆகாமல் கை வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் சரக்குக்காரருக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களைப் போன்ற பிள்ளைகள் தளத்தில் இழப்பதைவிட இவர்களிடம் இழப்பது அதிகம். அவர் சொன்ன கேரண்டிக் காகிதத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். தளத்தின் ஈரத்தால் வரும் பாதிப்புக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். டெல்டாவில் வரும் பாதிப்பே அதுதான். அந்த வரி இருந்தால் 2 லட்சம் கட்டி நீங்கள் வாங்குவது ஒரு சான்றிதழும் இரண்டு டி-ஷர்ட்டும்தான், அதற்குப் பிறகு அவரிடம் மட்டுமே சரக்கு எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்து வரும். பயிற்சி வேண்டுமானால் நல்ல மேஸ்திரி ஒருவரின் கீழ் மூன்று வேலைக்குக் கூலிக்குப் போங்கள், காசும் வரும்.

குருணையை வாங்கும்போது மூட்டையின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, நாலைந்து குருணையை பிளேடால் இரண்டாக வெட்டுங்கள். நல்ல இபிடிஎம் (EPDM என்ற செயற்கை ரப்பர்) என்றால் உள்ளே வெளியே ஒரே நிறம். உள்ளே கறுப்பாக இருந்தால் அது பழைய டயரை அரைத்துச் சாயம் பூசியது. டயர்க் குருணை தப்பான பொருள் இல்லை, விளையாட்டுத் திடலில் அடி அடுக்குக்கு அதைத்தான் போடுகிறோம், ஆனால் மேல்தளத்தில் இபிடிஎம் விலைக்கு அதை விற்றால் அது திருட்டு. நீச்சல் குளத்துக் குளோரினும் வெயிலும் பட்டுச் சாயம் போய்க் கறுத்ததும் ஓனர் உங்கள் சட்டையைத்தான் பிடிப்பார். பைண்டரும் அப்படியே. பெரிய டிரம்மைத் திறந்து சின்ன டின்னில் ஊற்றி விற்பார்கள், திறக்கும்போதே காற்றின் ஈரம் உள்ளே போய்விடும். சீல் உடையாத, தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள டின் மட்டும் வாங்குங்கள். திறந்ததும் மேலே தோல் கட்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம் பைண்டரை நான்கு மக் ஊற்றினோம் என்ற கணக்கை விடுங்கள், தராசு வையுங்கள். 12 மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ குருணை, 25 கிலோ மூட்டைக்கு 5 கிலோ பைண்டர். ஒவ்வொரு குருணையும் மினுமினுக்கும் வரை கலக்கினால் போதும். கமிஷன் கேட்பவர் நடுவில் வந்ததும் முதலில் குறைவது கனம்தான். கொட்டேஷனில் 12 என்று எழுதி 8 போடுகிற வேலைக்கு நீங்கள் போகாதீர்கள், ஓனர் ஒரு குண்டூசியைக் குத்தி அளந்தால் தெரிந்துவிடும்.

ஒரு பேரூராட்சிப் பூங்காவில் சறுக்குமரத்துக்கு அடியில் போட்ட தரையை நானே பார்த்தேன், கட்டைவிரலால் அழுத்தினால் அடியில் இருக்கும் தளம் இடித்தது. டெண்டரில் கனம், நிறம், குருணை அளவு எல்லாம் அழகாக எழுதியிருந்தார்கள், அளவெடுக்கத்தான் யாரும் வரவில்லை. அடிமாட்டு விலைக்குக் கேட்பவருக்கு வேலை, அவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மூன்றாமவருக்கு. கடைசியில் நிற்பவன் எதை வைத்துத் தரமாகப் போடுவான்? குழந்தை விழுவதற்காகப் போடும் தரை அது. இதைச் சொன்னால் "பில் பாஸ் ஆகிவிட்டதே" என்கிறார்கள். சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவும் இதே லட்சணம்தான். அது முழுக்க இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் gov.in என்று முடியும் அரசுத் தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். ஆனால் அதற்கும் ஆயிரக்கணக்கில் வாங்க ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள், தடுப்பார் இல்லை.

கார் நிற்கும் இடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எட்டிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினால் ரப்பர் கிழியும், என்ஜின் ஆயில் சொட்டினால் அந்த இடம் இளகிப்போகும். டிராக்டர் ஏறும் இடமென்றால் போட்டிருக்கவே கூடாது. பைக் சைடு ஸ்டாண்டுக்கு ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள்.

ஆட்களுக்குக் கையுறை இல்லாமல் பைண்டரைத் தொடவிடாதீர்கள், மூடிய இடத்தில் கலக்க விடாதீர்கள். இறுகாத பைண்டர் தோலையும் நுரையீரலையும் கெடுக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்தவனுக்கு அப்புறம் அந்த வாசனையே ஆகாது.

சோதனையில் ஓதம்தான் என்று உறுதியானால் உங்கள் ஓனரிடம் இப்படிப் பேசுங்கள்: "இப்போதைக்கு உப்பிய மூன்று இடத்தையும் நேர்கோட்டில் அறுத்து எடுத்துவிடுகிறேன், தடுக்கி விழ வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் ஒட்ட முடியாது. மழை விட்டதும் தளத்தில் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்க்கலாம், ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும், அதனால் கான்கிரீட்டிலேயே 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது குளத்துக்கு எதிர்ப்பக்கம் சரிவு வேண்டும். மாசியில் சீவி, எபாக்சி அடித்து, ஓரத்தில் கான்கிரீட்டில் காடி வெட்டி ரப்பரை அதற்குள் இறக்கி முடிக்கலாம், காலை பத்து மணிக்குள் கலவை போட்டு நிறுத்திவிட வேண்டும், வெயில் ஏறினால் கரணை இழுப்பதற்குள் இறுகிவிடும்." கூலி உங்களுடையது, எபாக்சிக்கான செலவு அவருடையது. தளத்தைச் சீவாமல் போட்டிருந்தால் அது உங்கள் தவறு, ஓதத் தளம் அவருடைய வீட்டுடையது. 80,000-ல் பாதியை இப்போதும் மீதியை அடுத்த ஆடியில் தண்ணீர் வந்து ஒரு மாதம் கழித்தும் கேளுங்கள், அதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.