கிறிஸ்தவ நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் ஆவணப்படம்: என்னைக் கைது செய்வார்களா?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவன் நான். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தாலும் இப்போது எனக்கு நம்பிக்கை இல்லை. நண்பர்களோடு சேர்ந்து ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறேன். இயேசுவின் சீடரான புனித தோமையார் சென்னைக்கு வந்ததற்கு ஆதாரம் உண்டா என்று முதல் பாதி கேட்கிறது. சுகமளிக்கும் கூட்டங்களில் நோய் உண்மையிலேயே குணமாகிறதா என்று இரண்டாம் பாதி கேட்கிறது. ஒரு திருமண மண்டபத்தில் திரையிட ஏற்பாடு செய்தோம். சிலர் புகார் கொடுக்க, இன்ஸ்பெக்டர் போன் செய்து, 'படத்தை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வா' என்கிறார். படத்தை யூடியூபில் போடலாமா? கைது செய்வார்களா?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தை முழுதும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மதத்தைக் கேள்வி கேட்பது இந்தியாவில் குற்றம் அல்ல. ஆனால் உங்கள் படத்தில் இரண்டு இடங்கள் கேள்வியைத் தாண்டிப் போகின்றன. முதலில் போலீஸ் விஷயத்தைப் பார்ப்போம், அதுதான் அவசரம்.

போனில் கூப்பிட்டால் போக வேண்டிய கட்டாயம் இல்லை. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 179-வது பிரிவின்படியும், குற்றம் சாட்டப்பட்டவராக விசாரிக்க வேண்டுமென்றால் 35(3)-வது பிரிவின்படியும் எழுத்துமூலம் அறிவிப்பு தர வேண்டும். அப்படி வந்தால் கட்டாயம் போங்கள், ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரைக்கும், 'எழுத்துமூலம் அழைத்தால் ஒத்துழைக்கிறேன்' என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள். படத்தின் மூலக்கோப்பு எதையும் அழிக்காதீர்கள். பின்னால் உங்களுக்கே அதுதான் சாட்சி.

வழக்குப் பதிந்தால் பெரும்பாலும் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 299-வது பிரிவில்தான் பதிவார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவுதான் இது. மூன்று ஆண்டு வரை சிறை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம், நீதிமன்றம் மனம் வைத்தால்தான் கிடைக்கும். படிக்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் மனம் புண்பட்டது என்பது மட்டும் இந்தப் பிரிவுக்குப் போதாது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு மதத்தை அவமதித்திருக்க வேண்டும். இந்தப் பிரிவு செல்லும் என்று 1957-ல் ராம்ஜி லால் மோடி வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமே, அவமதிப்பின் கடுமையான வடிவத்தை மட்டுமே இது தண்டிக்கிறது என்று வரம்பு கட்டியது. 2017-ல் கிரிக்கெட் வீரர் தோனி மீதான வழக்கை ரத்து செய்தபோதும், தெரியாமலோ கவனக்குறைவாலோ நேரும் அவமதிப்பு இதில் வராது என்றது.

உங்களுக்கு உடனே உதவக்கூடியது 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் வந்த தீர்ப்பு. பேச்சு, எழுத்து தொடர்பான புகார்களில், மூன்றிலிருந்து ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், வழக்குப் பதியும் முன் பி.என்.எஸ்.எஸ். 173(3)-ன்படி டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கடிதத்தில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்பதால், 2014-ன் அர்னேஷ் குமார் தீர்ப்புப்படி எடுத்த எடுப்பில் கைது செய்யவும் கூடாது. இன்னொரு பாதுகாப்பும் உண்டு: 299-ல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும்.

சட்டம் இவ்வளவு சொன்னாலும் அலைச்சல் இருக்காது என்று அது உத்தரவாதம் தராது. 2012-ல் மும்பையில் ஒரு வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில் இயேசு சிலையின் பாதத்தில் நீர் சொட்டியது. அடைபட்ட வடிகால் நீர் சுவர் வழியாக ஏறி வருகிறது என்று விளக்கினார் பகுத்தறிவாளர் சனல் எடமருகு. அவர் மீது 295ஏ புகார்கள் குவிந்தன. அவர் பின்லாந்துக்குப் போய்விட்டார். ஒரு கசிவுக்குக் காரணம் சொன்னவர் நாட்டைவிட்டே போக நேர்ந்தது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் படத்தை இன்னும் இறுக்கமாக்கச் சொல்கிறேன்.

தோமையார் பகுதியில் எதையும் தொட வேண்டாம். அவர் கி.பி. 52-ல் கேரளக் கரைக்கு வந்தார், பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது மரபு. அதற்குச் சமகாலச் சான்று இல்லை என்பது வரலாற்று வாதம். பங்குத்தந்தையிடம் கேட்டு அவர் பதிலை வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள், பாருங்கள், அது உங்கள் நல்லெண்ணத்துக்கு நல்ல சான்று.

ஆனால் நற்கருணை (திருப்பலியில் தரும் அப்பம்) வாங்க வரிசையில் நிற்பவர்களையும் கசாப்புக் கடைக்குப் போகும் ஆட்டுமந்தையையும் மாற்றி மாற்றிக் காட்டும் காட்சியை எடுத்துவிடுங்கள். அது எந்த வாதத்துக்கும் உதவவில்லை. அந்த வரிசையில் முக்காடு போட்ட ஒரு பாட்டியின் முகம் அருகில் தெரிகிறது. அவர் யாரையும் ஏமாற்றவில்லையே! எதிர்த்தரப்பு வக்கீல் 'தீய நோக்கம்' என்று நீதிமன்றத்தில் போட்டுக் காட்டப்போவது இந்த ஒரு காட்சியைத்தான்.

இரண்டாவது இடம், சுகமளிக்கும் கூட்டம் நடத்தும் ஓர் ஊழியக்காரரை (மதப் பிரசங்கியாரை) பெயர் சொல்லி 'மோசடிக்காரர்' என்பது. இங்கே மதம் போய், தனிமனித அவதூறு வந்துவிடுகிறது (பி.என்.எஸ். 356). 'மோசடி' என்பது ஒரு குற்றத்தின் பெயர். சொன்னால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். மேடையில் 'சர்க்கரை நோய் போய்விட்டது' என்று சாட்சி சொன்னவர் இப்போதும் இன்சுலின் போடுகிறார் என்பதற்கு மருத்துவச் சீட்டு வைத்திருக்கிறீர்களே, அதைக் காட்டுங்கள், போதும். அந்த நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், இல்லையென்றால் முகத்தை மறையுங்கள். ஊழியக்காரருக்குக் கேள்விகளை அனுப்பி, பதில் வந்தால் சேருங்கள், வராவிட்டால் அதைச் சொல்லுங்கள். கூட்டத்தின் வீடியோத் துண்டுகளை விமர்சனத்துக்காக அளவோடு காட்டப் பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவு இடம் தருகிறது.

அப்புறம் மண்டபம். இங்கே உங்கள் பக்கம்தான் பலவீனம். ஆவணப்படமானாலும் பொதுமக்களுக்குத் திரையிடத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். இல்லாமல் போட்டால் அதுவே தனிக் குற்றம். இலவசம்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. சென்னை மண்டல அலுவலகத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். மறுத்தால் மறுஆய்வுக் குழு, அதற்கும் மேல் உயர் நீதிமன்றம். கையில் சான்றிதழ் இருந்தால் நிலைமையே வேறு. 2006-ல் 'தி டா வின்சி கோட்' படத்தைத் தமிழக அரசு தடை செய்தது. தணிக்கை முடிந்த படம் என்ற நிலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது என்று 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் பற்றிய 1989 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

யூடியூபுக்குத் தணிக்கை கிடையாது. ஆனால் 299, 356 இரண்டும் அங்கேயும் பொருந்தும். திருத்தம் முடியும்வரை ஏற்றாதீர்கள். முன்னோட்டத்தில் அந்த ஆட்டுமந்தைக் காட்சி இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டதாகத் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். பி.என்.எஸ்.எஸ். 482-வது பிரிவின்படி தூத்துக்குடி மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேளுங்கள். கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்யக் கோரும் மனு அதே சட்டத்தின் 528-வது பிரிவின்படி மதுரையில்தான். மனுவோடு படத்தின் முழுப் பிரதி, வசனத்தின் எழுத்து வடிவம், பங்குத்தந்தை பேட்டியின் வெட்டாத பதிவு, ஊழியக்காரருக்கு அனுப்பிய கடிதத்தின் தபால் ரசீது எல்லாவற்றையும் இணைத்துவிடுங்கள்.